அமைதியின் தலைநகரில் மூன்று நாட்கள்

உலகைச் சுற்றிப் பார்த்துப் படிப்பினை பெறுமாறு திருமறை பல இடங்களில் மனிதனை அழைக்கின்றது. ஆனால் இன்று சுற்றுலா என்றாலே பேரிரைச்சலும் பெருங்கூட்டமும் நிறைந்த நகரங்களே பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. அத்தகைய நகரங்களில் கண்கள் களைக்கின்றன. உள்ளம் எதனையும் வாங்கிக்கொள்வதில்லை. இதற்கு மாறாக, ஆரவாரமே இல்லாத ஒரு தலைநகரைக் காணும் வாய்ப்பு எங்களுக்குக் கிடைத்தது. போர்னியோத் தீவின் வடகரையில் அமைந்துள்ள புருணை தாருஸ்ஸலாம் நாட்டின் தலைநகரான பந்தர் செரி பெகவானே அது.

கோலாலம்பூரில் ஜவுளி வணிகம் செய்யும் என் இளமைக்கால நண்பர், கல்லூரிப் பேராசிரியரான மற்றொரு நண்பர், வணிகரின் மகனான கணினி மாணவர், நான் என நால்வர் புறப்பட்டோம். கோலாலம்பூரிலிருந்து ஏறத்தாழ இரண்டரை மணிநேர விமானப் பயணம். வியாழன் இரவு சென்றிறங்கி ஞாயிறு பிற்பகல் திரும்புவதாகத் திட்டம். அந்நகரில் இருபதாண்டுகளுக்கும் மேலாக உணவகம் நடத்திவரும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் விமான நிலையத்தில் காத்திருந்தார்.

"ஹஜ்ரத், இங்கே பார்ப்பதற்கு அதிகம் இல்லை. ஆனால் இருப்பதற்கு நல்ல ஊர்" என்றார் அவர். மூன்று நாட்களில் அச்சொல்லின் பொருள் ஓரளவு விளங்கியது.

பெயரில் பொதிந்த வரலாறு

புருணையின் மொத்தப் பரப்பு 5,765 சதுர கிலோமீட்டர். நாடு முழுவதையும் சேர்த்தாலும் மக்கள் தொகை ஏறத்தாழ 4.5 லட்சம்தான். நம் நாட்டில் ஒரு நடுத்தர நகரத்தின் மக்கள் தொகையைக் கொண்டது ஒரு முழு நாடு!

தலைநகரின் பெயர் முன்பு 'புருணை டவுன்' என்பதாகும். 28ஆவது சுல்தானான மூன்றாம் உமர் அலி சைபுத்தீன் 1950 முதல் 1967 வரை ஆட்சி புரிந்து, 1967 அக்டோபரில் தம் மகன் ஹஸனல் போல்கியாவிடம் அரியணையைத் தாமே ஒப்படைத்துவிட்டு விலகினார். விலகிய பின் அவர் ஏற்ற பட்டத்தில் 'செரி பெகவான்' என்னும் தொடர் இடம் பெற்றது. அவரைச் சிறப்பிக்கும் வகையில் 1970இல் நகருக்குப் 'பந்தர் செரி பெகவான்' எனப் பெயர் சூட்டப்பட்டது. 'பந்தர்' என்பது துறைமுகத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல். 'செரி பெகவான்' என்பதோ வடமொழியிலிருந்து மலாய்க்குச் சென்றது. ஓர் ஊரின் பெயரிலேயே இரு கடல்வழி நாகரிகங்கள் கைகோத்து நிற்பதைக் காணலாம்.

இந்நாட்டின் பழமைக்குச் சான்றுகள் பல. சீன எழுத்துக்கள் பொறிக்கப்பட்டு, 1264ஆம் ஆண்டைக் குறிக்கும் ஒரு கல்லறைக் கல் இங்கே கண்டெடுக்கப்பட்டுள்ளது. சீன நாட்டினர் மிகப் பழங்காலத்திலேயே இங்கு வந்து வாழ்ந்து மறைந்தனர் என்பதற்கு அக்கல்லே சாட்சி. பிற்காலத்தில் ஆங்கிலேயரின் பாதுகாப்பில் இருந்த புருணை, 1984 ஜனவரி முதல் நாள் முழு விடுதலை பெற்றது.

வெள்ளிக்கிழமை நண்பகல்

இந்நாட்டில் அரசு அலுவலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளியும் ஞாயிறும். இடையிலுள்ள சனிக்கிழமை வேலை நாள்! விடுமுறையை இப்படிப் பிரித்து வைத்திருப்பது புதியவர்களுக்கு விந்தையாகத் தோன்றும். "நடுவில் ஒரு நாள் அலுவலகம் போவதற்கு விடுமுறை எதற்கு மாமா?" எனக் கணினி மாணவர் என்னைக் கேட்டார். ஜும்ஆவுக்கும் இடம் வேண்டும். உலக வணிகத்தோடும் தொடர்பு அறக் கூடாது. இரண்டையும் இழக்காமல் இருக்க அவர்கள் கண்ட வழி இது என்றேன்.

வெள்ளி நண்பகல் பன்னிரண்டு மணிக்கு நகரில் நிகழ்வது நேரில் காணத்தக்கது. கடைகளின் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக அடைபடுகின்றன. உணவகங்களும் அங்காடிகளும் இரண்டு மணிவரை திறப்பதில்லை. முஸ்லிம் அல்லாதாரின் கடைகளும் இந்த ஒழுங்குக்கு உட்பட்டவையே. எங்கள் ஊர்க்காரர் பரிமாறிக்கொண்டிருந்த கடைசி வாடிக்கையாளரை அன்போடு அனுப்பிவிட்டுக் கதவை அடைத்தார். சற்று முன் வாகனங்கள் ஓடிய வீதியில் ஒரு பூனை நிதானமாகக் குறுக்கே நடந்து சென்றது.

ஜும்ஆவுக்கு உமர் அலி சைபுத்தீன் பள்ளிவாசலுக்குச் சென்றோம். 1958இல் திறக்கப்பட்ட இப்பள்ளியே நகரின் முகமாக விளங்குகின்றது. ஏறத்தாழ 52 மீட்டர் உயரத்தில் பொற்தகடு வேய்ந்த பெருங்குவிமாடம், இத்தாலியச் சலவைக்கல், சுற்றிலும் ஒரு நீர்த்தடாகம். அத்தடாகத்தின் நடுவே கல்லால் ஆன ஓர் அரச ஓடம் மிதப்பது போல் நிற்கின்றது. பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்த அரச ஓடத்தின் மாதிரியான அதனை, திருக்குர்ஆன் அருளப்பட்டதன் 1,400ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி 1967இல் கட்டி முடித்தார்கள். முன்பு குர்ஆன் ஓதும் போட்டிகள் அதன்மீது நடைபெற்றன.

மறுநாள் சுப்ஹுத் தொழுகைக்கும் அங்கேயே சென்றோம். இரண்டாம் ரக்அத்தில் இமாம் கைகளை உயர்த்திக் குனூத் ஓதத் தொடங்கியபோது, கீழக்கரையிலோ காயல்பட்டினத்திலோ நிற்பது போன்ற உணர்வு உண்டாயிற்று. நம் கடற்கரை ஊர்களைப் போலவே இந்நாடும் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவது. 1959ஆம் ஆண்டின் அரசியல் சட்டத்திலேயே அது குறிக்கப்பட்டுள்ளது. தொழுகைக்கு வந்த முதியவர் பலர் கட்டம் போட்ட கைலி உடுத்தியிருந்தனர். மலாய் மொழியில் அதற்குக் 'காயின் பெலேக்காட்' என்று பெயர். 'பெலேக்காட்' என்பது வேறொன்றுமில்லை. நம் சென்னைக்கு வடக்கேயுள்ள பழவேற்காடுதான்! அத்துறைமுகத்திலிருந்து கப்பலேறிய துணி, ஊர்ப்பெயரையும் சுமந்துகொண்டு வந்திருக்கின்றது. ஜவுளி வணிகரான நண்பருக்கு இச்செய்தி அளித்த மகிழ்ச்சிக்கு அளவில்லை.

நீரின் மேல் ஓர் ஊர்

பள்ளிவாசலுக்கு அருகிலுள்ள படித்துறையில் நின்றால் ஆற்றின் மறுகரையில் கம்போங் ஆயர் தெரியும். 'நீர்க் கிராமம்' என்பது அப்பெயரின் பொருள். ஆற்றுக்குள் நடப்பட்ட தூண்களின்மேல் வீடுகள், பள்ளிவாசல்கள், பள்ளிக்கூடங்கள், காவல் நிலையம், தீயணைப்பு நிலையம் யாவும் நிற்கின்றன. வீட்டுக்கு வீடு செல்ல மரப்பலகை நடைபாதைகள். ஊருக்குள் செல்ல விரைவுப் படகுகள். படகோட்டி கையசைத்து அழைக்கின்றார். நாம் ஏறியமர்ந்ததும் அம்பெனப் பாய்கின்றார்.

மகல்லனின் கப்பற் கூட்டத்தைச் சேர்ந்த இத்தாலியர் அந்தோனியோ பிகஃபெட்டா 1521இல் இங்கு வந்தார். அரசர், தலைவர்கள் சிலரின் இல்லங்கள் தவிர நகரம் முழுவதுமே உப்புநீரின்மேல் கட்டப்பட்டிருந்ததாகவும், இருபத்தையாயிரம் அடுப்புகள் எரிந்ததாகவும், நீர் பெருகும் வேளையில் பெண்கள் படகுகளில் வந்து பொருள்களை விற்றதாகவும் அவர் எழுதி வைத்தார். அவ்வகையில் இன்றைய தலைநகரின் தாய், கரையிலுள்ள நகரமன்று. இந்த நீர்க் கிராமமே.

1906இல் ஆங்கிலேய ரெசிடெண்டின் நிருவாகம் ஏற்பட்ட பின்னர் மக்களைக் கரையில் குடியேற்றும் முயற்சி தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் வசமிருந்த நகரம், நேச நாடுகளின் குண்டுவீச்சால் 1945இல் பெரிதும் அழிந்தது. அதன் பின்னர் எண்ணெய் வருவாய் பெருகப் பெருக, கரையில் வீடும் காரும் சாலையும் மக்களை இழுத்துக்கொண்டன. அடிக்கடி நேர்ந்த தீ விபத்துகளும் பலரைக் கரையேற்றின. இன்று அங்கே எஞ்சியிருப்போரில் பலரும் தம் கார்களைக் கரையில் நிறுத்திவிட்டுப் படகில் வீடு திரும்புகின்றனர். சில பகுதிகளில் அரசு உறுதியான புதிய வீடுகளை நீரின்மேலேயே கட்டிக் கொடுத்துள்ளது. மற்றும் சில இடங்களிலோ பலகை இற்று, வீடு சரிந்து, வெறுந்தூண்கள் மட்டும் நிற்கின்றன.

பலகைப் பாதையில் பூத்தொட்டிகளுக்கு நீர் வார்த்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவரிடம் எங்கள் ஊர்க்காரர் மலாய் மொழியில் பேச்சுக் கொடுத்தார். அவருடைய மக்கள் அனைவரும் கரையில் வசிக்கின்றார்களாம். தம்மையும் அழைக்கின்றார்களாம். "அங்கே இரவில் தண்ணீர்ச் சத்தம் கேட்பதில்லை, எனக்குத் தூக்கம் வருவதில்லை" என்றார் அவர். நண்பர் அதனை மொழிபெயர்த்துச் சொன்னபோது எங்களில் எவரும் மறுமொழி கூறவில்லை.

மாலையில் படகிலேயே ஆற்றின் மேற்பகுதிக்குச் சென்றோம். இரு கரையிலும் அடர்ந்த அலையாத்திக் காடு. அங்கே வாழும் நீள்மூக்குக் குரங்குகள் போர்னியோத் தீவைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாகக் காணப்படாதவை. பெருத்த வயிறும் தொங்கும் மூக்குமாக அவை கிளைகளில் அமர்ந்திருக்கும் காட்சி நகைப்பை வரவழைக்கும். மலாய் மக்கள் இதற்கு 'டச்சுக்காரக் குரங்கு' எனப் பெயரிட்டிருக்கின்றனர். பழைய ஐரோப்பிய வணிகரைக் கேலி செய்ய அவர்கள் கண்ட வழி போலும்!

காணத்தக்கவை பிற

29ஆவது சுல்தானான ஹஸனல் போல்கியா அரியணையேறிய 25ஆம் ஆண்டின் நினைவாகக் கட்டப்பட்டு 1994இல் திறக்கப்பட்ட மற்றொரு பெரும் பள்ளிவாசல் கியாரோங் பகுதியில் உள்ளது. 29ஆவது சுல்தான் என்பதைக் குறிக்க 29 பொற்குவிமாடங்கள். நகர நடுவிலுள்ள அரச சின்னங்களின் காட்சியகத்தில், வெள்ளிவிழா ஊர்வலத்தில் சென்ற மாபெரும் தேரைக் காணலாம். 1,788 அறைகள் கொண்ட நூருல் ஈமான் அரண்மனையை வெளியிலிருந்தே பார்க்கலாம். நோன்புப் பெருநாளை ஒட்டிய மூன்று நாட்கள் மட்டும் அதன் வாயில்கள் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டு, வந்தோர்க்கெல்லாம் விருந்து படைக்கப்படுகின்றது.

உணவைக் குறித்து ஒரு சொல். 'அம்புயாத்' என்பது இந்நாட்டின் தனி உணவு. சவ்வரிசி மரத்தின் மாவில் கொதிநீர் ஊற்றிக் கிளறிய பசை போன்றது. இருமுனை கொண்ட மூங்கிற் குச்சியில் அதனைச் சுருட்டி, புளிப்பும் காரமும் கலந்த சாற்றில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும். கேழ்வரகுக் களி உண்டு பழகிய பேராசிரியர் தயக்கமின்றி விழுங்கினார். மற்ற மூவரும் 'நாசி காத்தோக்' பக்கம் சாய்ந்தோம். சோறு, பொரித்த கோழி, சம்பல் ஆகிய மூன்றும் கொண்ட அந்தப் பொட்டலம் நீண்ட காலம் ஒரு டாலருக்கே கிடைத்து வந்தது. 'காத்தோக்' என்றால் தட்டுதல். நள்ளிரவிலும் விற்பவர் வீட்டுக் கதவைத் தட்டி வாங்கிய பழக்கத்தால் அப்பெயர் வந்ததாகக் கூறுகின்றனர்.

பலகைகளில் வாழும் ஜாவி

மத்ரஸா ஆசிரியனான எனக்கு அந்நகரில் எல்லாவற்றினும் மேலாகத் தோன்றியது வேறொன்று. வீதிப் பெயர், அலுவலகப் பெயர், வங்கி, சலவைக்கடை என எப்பலகையை நோக்கினாலும் மேலே அரபு எழுத்து. கீழே ரோமன் எழுத்து. எழுத்து அரபு, மொழியோ மலாய். இதுவே ஜாவி. அரபியில் இல்லாத மலாய் ஒலிகளுக்காக அரபு எழுத்துக்களின்மேல் புள்ளிகளைக் கூட்டி அவர்கள் தமக்கென எழுத்துக்களை அமைத்துக்கொண்டனர்.

எங்கள் ஊர்க்காரர் தம் கதையைச் சொன்னார்: "நான் வந்த புதிதில் மலாயில் ஒரு சொல்லும் தெரியாது ஹஜ்ரத். மூன்றாம் நாள் கடைத்தெருவில் நின்றுகொண்டு ஒரு பலகையை எழுத்துக்கூட்டினேன். காஃப், தால், அலிஃப், யா. 'கெடாய்' என்று வந்தது. உள்ளே பார்த்தால் கடை! நம் 'கடை'தான் அது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன."

ஆம், மலாயின் 'கெடாய்' தமிழின் 'கடை', 'காப்பால்' நம் 'கப்பல்'. ஆனால் மலாய் தெரியாதவர் அப்பலகையை எவ்வாறு எழுத்துக்கூட்டினார்? சிறுவயதில் அவருடைய பாட்டியார் அரபுத் தமிழ்க் கிதாபை மடியில் வைத்து வாசித்துக் காட்டியிருக்கின்றார். அரபு எழுத்தில் பிறமொழி ஒலியைக் கேட்கும் பழக்கம் அங்கே அவருக்கு வாய்த்தது. ஜாவிக்கு உடன்பிறப்புத்தான் நம் அரபுத் தமிழ். அரபு எழுத்துக்களுக்குப் புள்ளி கூட்டித் தமிழின் தனி ஒலிகளை எழுதிய முறை அது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்ற பெரியோர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மார்க்கச் சட்டங்களை அதில்தான் எழுதி வைத்தனர். பள்ளிக்கூடம் காணாத நம் பாட்டிமார் தொழுகையின் பர்ளுகளையும் சுன்னத்துகளையும் அதில்தான் கற்றனர்.

இரண்டும் ஒரே கடலின் இரு கரையில் வளர்ந்தவை. ஒன்று இன்று தலைநகரின் வீதிதோறும் விளங்குகின்றது. மற்றொன்று நம் வீட்டுப் பரண்களில் செல்லரித்துக் கிடக்கின்றது. இதற்கு அரசு என்னும் துணை ஒரு காரணம். அங்கே குழந்தைகள் ஒரு வேளை பொதுப்பள்ளிக்கும், மறுவேளை மார்க்கப் பள்ளிக்கும் செல்கின்றனர். மார்க்கக் கல்வி 2012ஆம் ஆண்டின் ஆணையால் கட்டாயமாக்கப்பட்டது. அங்கே ஜாவி கற்பிக்கப்படுகின்றது. நமக்கு அத்தகைய துணை இல்லை என்பது உண்மையே. ஆயினும், "என் பிள்ளைகள் பாட்டியின் கிதாபைக் கையில் கொடுத்தால் அரபு என்று நினைத்துக் கண்ணில் ஒற்றித் திருப்பித் தந்துவிடுகிறார்கள். அது தமிழ் என்றே அவர்களுக்குத் தெரியவில்லை" என்று அவர் வருந்தியபோது, குறை அரசிடம் மட்டும் இல்லை என்பது புலப்பட்டது.

அமைதியின் மறுபக்கம்

இரண்டாம் நாள் இரவு ஒன்பது மணிக்கே வீதி வெறிச்சோடியது. மது விற்பனை 1991 முதல் தடை செய்யப்பட்ட நாடு. கேளிக்கை விடுதிகளும் இல்லை. "இந்த ஊரில் இளைஞர்கள் என்னதான் செய்வார்கள்?" என்று மாணவர் கேட்டார். அவருடைய தந்தை கண்டிக்க முனைந்தார். பேராசிரியர் தடுத்து, "கேட்கட்டும். நியாயமான கேள்விதான்" என்றார்.

1929இல் செரியாவில் எண்ணெய் கண்டறியப்பட்டது முதல் இந்நாட்டின் வாழ்வு அதனைச் சார்ந்தே நிற்கின்றது. குடிமக்களுக்குத் தனிநபர் வருமான வரி இல்லை. கல்வியும் மருத்துவமும் பெரும்பாலும் அரசின் பொறுப்பு. ஆனால் எண்ணெய் என்றும் ஊறும் கிணறன்று. படித்த இளைஞருக்கு வேலை தேடுவது அங்கும் கவலையாகவே பேசப்படுகின்றது. எண்ணெயை மட்டும் நம்பாத பொருளாதாரத்தை 2035க்குள் காண வேண்டும் என்னும் திட்டம் அரசிடம் உள்ளது.

எங்கள் ஊர்க்காரரோ வேறொரு பக்கத்தைச் சுட்டினார். வெளிநாட்டுத் தொழிலாளரின் தங்கும் உரிமை வேலை அனுமதியோடு கட்டுண்டது. குடியுரிமை எளிதில் கிடைப்பதன்று. "இந்த ஊர் எனக்கு ரிஸ்கைத் தந்தது, நிம்மதியைத் தந்தது. ஒரு திருட்டு இல்லை, ஒரு சண்டை இல்லை. ஆனாலும் காக்கா, கடையை அடைத்துவிட்டு உட்கார்ந்தால் இந்த அமைதியில் பிள்ளைகளின் குரல்தான் கேட்கும். மூத்தவள் நடக்கத் தொடங்கியதை நான் பார்க்கவில்லை" என்று ஜவுளி நண்பரிடம் அவர் சொன்னார். கடல் கடந்து பொருளீட்டும் நம் சமுதாயத்தின் எத்தனையோ இல்லங்களில் இதே கதைதான். மாணவர் அதன்பின் அக்கேள்வியைத் திரும்ப எழுப்பவில்லை. எனினும் அக்கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதாக நான் கருதவில்லை. தீமை இல்லாத அமைதி ஒரு பேறு; அதனை நிரப்ப நற்பணியும் கல்வியும் வேண்டும். அது புருணைக்கு மட்டுமன்று, நம் ஊர்களுக்கும் பொருந்தும்.

செல்ல விரும்புவோர்க்கு

புருணை டாலரும் சிங்கப்பூர் டாலரும் 1967 முதல் சம மதிப்புடையவை. சிங்கப்பூர்ப் பணம் அங்கே செல்லும். பேருந்துகள் குறைவு, வாடகைக் காரோ கைப்பேசி வழி அழைக்கும் 'டார்ட்' வண்டியோ உதவும். வெள்ளி நண்பகலுக்கு முன்பே உணவை முடித்துக்கொள்வது நலம். ஞாயிறு காலையில் நகர நடுவிலுள்ள சாலைகள் வாகனமின்றி நடப்போர்க்கும் மிதிவண்டிக்கும் விடப்படுகின்றன. குடும்பத்தோடு செல்வோர் அதனைத் தவறவிட வேண்டா. சென்னையிலிருந்து நேரடி விமானச் சேவை 2024 நவம்பரில் தொடங்கப்பட்டது. விமான அட்டவணையையும் விசா விதிகளையும் புறப்படுமுன் விசாரித்து அறிந்துகொள்க.

வாசக அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். புருணைக்குச் செல்ல எல்லோராலும் இயலாது. ஆனால் தத்தம் வீட்டுப் பரணில் ஏற எல்லோராலும் இயலும். அங்கே பழைய கிதாபுகள் இருப்பின் பழைய தாள் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள். மரியாதை கருதிக் கிணற்றிலோ கடலிலோ விட்டுவிடவும் வேண்டா. அவற்றுள் அரபு எது, அரபுத் தமிழ் எது என்பதை உங்கள் மஹல்லா ஆலிமிடம் காட்டிக் கேளுங்கள். பக்கங்களைக் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். வாசிக்கத் தெரிந்த மூதாட்டி எவரேனும் இன்னும் உங்கள் குடும்பத்தில் இருந்தால், பிள்ளைகளை அருகில் அமர்த்தி ஒரு பக்கமேனும் வாசிக்கச் சொல்லி, அக்குரலைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அடுத்த பெருநாளுக்குள் இதனைச் செய்து முடிப்போமாக!